உள்ளே திருப்பிப் பார்த்து வாங்குங்க! - சிட்டிலிங்கி லம்பாடிப் பையும், ‘எதுவும் பிடிக்காத’ கஸ்டமரும்

எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இப்படி இருப்பார். ஹேண்ட்பேக் வாங்கப் போனால் பத்துப் பையை எடுத்துப் போடச் சொல்வார். ஒன்றில் ஜிப் முரண்டு பிடிக்கும், ஒன்றில் கைப்பிடி குட்டை, இன்னொன்றில் கலர் ‘ஒரு மாதிரி’. முக்கால் மணி நேரம் கழித்து எதையும் வாங்காமல் வெளியே வருவார். கூடப் போன தங்கையோ மகளோ கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டே நழுவுவார். “இனிமே உன்கூடக் கடைக்கு வந்தா என்னைக் கேளு” என்ற வசனம் வீடு வரை தொடரும்.

ஆனால், ‘கையால் செய்தது’ என்று சொல்லி விற்கப்படும் பையை வாங்கும்போது இந்த ‘எதுவும் பிடிக்காத’ ஆள்தான் சரியான ஆள். மெஷினில் அடித்த முந்நூறு ரூபாய்ப் பைக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு வருடம் வந்தால் லாபம், அறுந்தால் குப்பை. கைவேலைப் பையில் விலையின் பெரும்பகுதி துணிக்கோ ஜிப்புக்கோ போவதில்லை. யாரோ ஒரு பெண் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்த நாள்களுக்குத்தான் போகிறது, போக வேண்டும். அந்த நாள்கள் நிஜமாகவே அந்தப் பைக்குள் இருக்கின்றனவா என்று பார்க்கத் தெரியாவிட்டால், கைவேலையைப் பார்த்துக் காப்பியடித்த பிரின்டுக்கும் மெஷின் எம்ப்ராய்டரிக்கும் நாம் கைவேலைக் காசு கொடுத்துவிட்டு வருவோம்.

அதற்குக் குறை கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். எதில் கண்டுபிடிக்க வேண்டும், எதில் கூடாது என்றும் தெரிய வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளப் பொருத்தமான ஒரு பை தர்மபுரி மாவட்டத்திலேயே தயாராகிறது.

அரூர் தாண்டி, கோட்டப்பட்டி தாண்டி...

அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போனால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு வரும். சிட்லிங் என்றும் எழுதுவார்கள். இங்கே பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிட வேண்டாம், தமிழ் பேசும் மலைவாசிகள். அவர்களுக்கு நடுவே ‘தாண்டா’ எனப்படும் குடியிருப்புகளில் லம்பாடி மக்கள் வாழ்கிறார்கள்.

லம்பாடிகளின் கதை நீளமானது. ரயிலும் லாரியும் வராத காலத்தில் உப்பையும் தானியத்தையும் மாட்டின் முதுகில் ஏற்றி இந்தியா முழுக்கக் கொண்டுபோன வணிகக் கூட்டம் அவர்களுடையது. வடமேற்கே ராஜஸ்தான் பக்கமிருந்து, படைகளுக்குத் தானியம் சுமந்துகொண்டு தக்காணத்துக்கு வந்தவர்கள். பஞ்சாரா, லம்பாணி, சுகாலி என்று ஊருக்கு ஒரு பெயர். ரயில் வந்ததும் தொழில் போனது. 1871-ம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் ஊர் ஊராகச் சுற்றிய சமூகங்களையெல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. மாட்டு வண்டியும் சுமையும் போனபிறகு அவர்களிடம் மிஞ்சியவை மொழியும், பெண்களின் உடையும்தான். மொழிக்கு எழுத்து கிடையாது. உடையில் இருந்தது ஊசிவேலை. கண்ணாடியும் சோழியும் நாணயமும் குஞ்சமும் வைத்துத் தைத்த பாவாடை, ரவிக்கை, முக்காடு.

பையும் அதில் உண்டு. வெற்றிலை, பாக்கு, சில்லறை வைத்துக்கொள்ளும் சதுரமான சுருக்குப் பைகளையும், கடித உறைபோல மூலைகளை மடித்த பைகளையும் லம்பாடிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்து வந்திருக்கிறார்கள். ‘ஹேண்ட்பேக்’ என்று இன்று நாம் வாங்குவதன் பாட்டி அதுதான். இந்தப் பைகளும் உடைகளும் உலக மியூசியங்களில் இருக்கின்றன. 2016-ல் லண்டன் பதிப்பகம் ஒன்று பஞ்சாராத் துணிவேலைக்காக மட்டுமே தனிப் புத்தகம் வெளியிட்டது.

அந்தக் கலை சிட்டிலிங்கியில் கிட்டத்தட்டச் செத்துப்போயிருந்தது. இரண்டு தலைமுறையாகப் பெண்கள் அந்த உடையை விட்டுப் புடவைக்கு மாறிவிட்டார்கள். மழையை நம்பிய நிலம், பிழைப்புக்குத் திருப்பூர், பெங்களூரு என்று போகும் குடும்பங்கள். ஊசியைத் தொட நேரமும் இல்லை, தைத்துக் கொடுத்தால் வாங்க ஆளும் இல்லை.

1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற அந்த அமைப்பு வைத்தியத்தோடு நிற்கவில்லை. விவசாயிகளை இயற்கை விவசாயத்துக்குத் திருப்பியது. அடுத்து, 2006-வாக்கில், லம்பாடிப் பெண்களின் ஊசிவேலைப் பக்கம் லலிதா திரும்பினார். அப்போது பழைய தையலை நினைவில் வைத்திருந்தவர்கள் மூத்த பெண்கள் ஓரிருவர் மட்டுமே. அவர்கள் கையிலிருந்து இளையவர்களின் கைக்குத் தையல் மறுபடி வந்தது. ‘பொர்கை’ என்று பெயர் வைத்தார்கள். லம்பாடி மொழியில் ‘பெருமை’ என்று பொருள். சுமார் 60 பெண்கள் சேர்ந்த கைவினைஞர் அமைப்பாக அது வளர்ந்தது. குர்தா, குஷன் கவர், படுக்கை விரிப்பு, சுவரில் மாட்டும் துணி, அப்புறம் பைகள்.

ஒரு பையை நாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறோமா, இல்லை அதே மாதிரி இருக்கும் டூப்ளிகேட்டோடு திருப்தியாகிறோமா என்பது இந்தப் பெண்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை. வாங்க ஆளில்லாமல் ஒரு தடவை போன வேலை இது.

முதலில் பையைக் கவிழ்த்துப் போடுங்கள்

கைவேலைப் பையின் ஜாதகம் அதன் உள்பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கம் எல்லாப் பையும் அழகுதான்.

லைனிங் போட்ட பையாக இருந்தால், எம்ப்ராய்டரியின் பின்பக்கம் வெளியே தெரியாது. அப்போது மடிப்பு மூடியின் ஓரத்தையோ, லைனிங் சேராத இடத்தையோ லேசாக விரித்துப் பார்க்கலாம். அதுவும் முடியாவிட்டால் அதே கடையில் லைனிங் இல்லாத ஒரு குஷன் கவரை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் போதும், கை யாருடையது என்று தெரிந்துவிடும். மெஷின் எம்ப்ராய்டரியின் பின்னால் பெரும்பாலும் மேலே இருக்கும் கலரே இருக்காது. வெள்ளையோ கறுப்போ, பாபின் நூல் ஒரே நிறத்தில் ஓடும். துணி சுருங்காமலிருக்க வைத்த காகிதம் போன்ற ஒட்டுத் துணியும் மிச்சமிருக்கும். கையால் தைத்ததில் முன்பக்க நூலேதான் பின்பக்கமும். நூல் தொடங்கிய இடம், முடிந்த இடம், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவிய இடம் எல்லாம் தெரியும்.

இங்கேதான் கறாராக இருக்க வேண்டும். அந்தத் தாவல் விரல் நீளத்துக்கு இருந்தால் நல்லதல்ல. வளையலோ சாவியோ மாட்டி இழுத்தால் முன்பக்கத்துப் பூ சுருங்கிவிடும். முடிச்சுகள் சின்னதாக, இறுக்கமாக இருக்க வேண்டும். நகத்தால் மெதுவாக நெருடிப் பாருங்கள், அவிழக் கூடாது.

அடுத்தது கண்ணாடி. லம்பாடி வேலையில் கண்ணாடியை ஒட்டுவதில்லை. முதலில் குறுக்கும் நெடுக்குமாக நூல் போட்டுக் கட்டி, அந்தக் கட்டைச் சுற்றி விளிம்புத் தையல் போட்டுப் பிடிக்கிறார்கள். நூல்தான் கண்ணாடிக்குச் சட்டம். விளிம்பை நகத்தால் தள்ளினால் கண்ணாடி கொஞ்சம்கூட ஆடக் கூடாது. கோந்தின் பளபளப்பு தெரிந்தாலோ, ஜிகினா பிளாஸ்டிக் வட்டத்தைச் சுற்றி மெஷின் ஜிக்ஜாக் ஓடியிருந்தாலோ, அந்தப் பைக்கு வேறு விலை. நிஜக் கண்ணாடி கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. கடையில் பையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் புறங்கையும் போதும்.

கலர். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையைச் சிவப்பிலும் கருநீலத்திலும் அழுத்தித் தேயுங்கள். கறை பட்டால் வெள்ளை குர்தாவுக்கும் அதே கதிதான், அதுவும் பஸ் நெரிசலில் வியர்த்த தோளில்.

இவ்வளவு பார்த்தபிறகும் பலர் கோட்டைவிடும் இடம் கைப்பிடி. ஊசிவேலையில் மயங்கி, பையைத் தூக்கிப் பிடிப்பது கைப்பிடிதான் என்பதை மறந்துவிடுகிறோம். கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறி போட்டிருந்தால் தைத்த டெய்லருக்கு விஷயம் தெரியும். ஒற்றை வரித் தையல் என்றால், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே ஒரு கிலோ என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு டிபன் பாக்ஸ், குடை, பவர் பேங்க். ஜிப்பைப் பத்து முறை திறந்து மூடுங்கள், மூலைகளில் திணறக் கூடாது. மிக அழகான கைவேலைப் பைகள் பலவும் சாவது நாற்பது ரூபாய் ஜிப்பால்தான். கைவேலை செய்யும் அமைப்புகள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய குறையும் இதுதான்.

336 ரூபாய்க் கணக்கு

விலைக்கு வருவோம். “எம்ப்ராய்டரி பைக்கா இவ்வளவு? ஆன்லைன்ல 450 ரூபாய்க்குக் கிடைக்குதே!” எல்லாக் கண்காட்சியிலும் கேட்கிற குரல் இது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். தேர்ந்த கைவேலைக்கு அதைவிட அதிகம் கொடுக்க வேண்டும் என்பது வேறு விஷயம். குறைந்தபட்சமாக அதையே எடுத்துக்கொள்வோம். பையின் முகப்பில் நெருக்கமான தையல், நாலைந்து கண்ணாடி, ஓரத்தில் குஞ்சம், இதற்கெல்லாம் மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால் கூலி மட்டும் 1,008 ரூபாய். துணி, நூல், லைனிங், ஜிப், தைத்துச் சேர்க்கும் டெய்லர், மலையிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும் செலவு, கடை வாடகை, வரி எல்லாம் அதற்கு மேல்.

அப்படியானால் அந்த 450 ரூபாய்ப் பை? மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அது மெஷின் வேலை. இல்லையென்றால் முகப்பில் பேருக்கு ஒரே ஒரு பூ வைத்தது. இரண்டும் இல்லை, நெருக்கமான கைவேலையேதான் என்றால் யாரோ ஒரு பெண்ணுக்கு அவள் கூலி போய்ச் சேரவில்லை. முதல் இரண்டையும் தெரிந்து வாங்கினால் தப்பே இல்லை, பட்ஜெட் என்று ஒன்று இருக்கிறதே. மூன்றாவதுதான் நெருடல்.

இதைத் திருப்பியும் போட்டுப் பார்க்க வேண்டும். மூவாயிரம் ரூபாய் சொல்லும் பையில் அரை நாள் வேலைகூடத் தெரியவில்லை என்றால் அந்தப் பணம் தாண்டாவுக்குப் போகவில்லை, ஷோரூமின் ஏ.சி-க்குப் போகிறது. “யார் தைத்தது, எந்த ஊர், எத்தனை நாள் ஆச்சு?” என்று கேளுங்கள். கைவினைஞர்களோடு நேரடித் தொடர்பு இருப்பவரால் தயங்காமல் பதில் சொல்ல முடியும். “ட்ரைபல் டிசைன் மேடம்” என்று மட்டும் பதில் வந்தால் நகர்ந்துவிடலாம்.

பேரம் பேசுவதற்கு முன் ஒரு தகவல். 2025 செப்டம்பர் 22 முதல் கைவினை ஹேண்ட்பேக்குகளுக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. பில்லில் பழைய வரி இருந்தால், கேட்டுக் குறைக்க வேண்டிய இடம் அது. தைத்தவரின் கூலி அல்ல.

‘புவிசார் குறியீடு பெற்றது’ என்ற அட்டையையும் கவனியுங்கள். லம்பாடி ஊசிவேலையில் கர்நாடகத்தின் சந்தூருக்குப் புவிசார் குறியீடு உண்டு. பல்லாரி பக்கத்து ஊர். 2023-ல் ஹம்பியில் நடந்த ஜி-20 கூட்டத்தின்போது, அங்கே 450-க்கும் மேற்பட்ட லம்பாணிப் பெண்கள் தைத்த 1,755 துண்டுகளைக் காட்சிக்கு வைத்து கின்னஸ் சாதனை செய்தார்கள். வேலெ, கிலன், மாக்கி, நக்ரா என்று ஒவ்வொரு தையலுக்கும் அங்கே தனிப் பெயர். ஆனால், அந்தக் குறியீடு சந்தூருக்குரியது. லம்பாடி வேலை என்று பெயர் கொண்ட எல்லாப் பையிலும் அதை ஒட்டிக்கொடுத்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான்.

இதில் குறை சொல்லாதீர்கள்

குறை கண்டுபிடிக்கும் கஸ்டமர் வழிதவறும் இடமும் உண்டு. “இந்தப் பக்கம் பூ கொஞ்சம் பெருசா இருக்கே?” இருக்கும். “அக்காவுக்கும் தங்கச்சிக்கும் அச்சு அசலா ஒரே மாதிரி ரெண்டு வேணும்.” கிடைக்காது. கிடைத்தால் அது கைவேலை இல்லை. லம்பாடி வேலையில் கோடும் சதுரமும் முக்கோணமும்தான் அதிகம். கை தைக்கும் வரிசையில் ஒரு தையல் நூலளவு கூடும், அடுத்தது குறையும். கைத்தறித் துணியிலும் ஆங்காங்கே இழை தடித்திருக்கும்.

எது இயல்பு, எது குறை என்று பிரிக்க ஒரே கேள்வி போதும். இதனால் பை சீக்கிரம் கெடுமா? பூ அரை சென்டிமீட்டர் சாய்ந்திருந்தால் கெடாது. கண்ணாடி ஆடினால் கெடும். முதலாவதற்காகத் திருப்பிக் கொடுத்தால் நஷ்டம் தைத்தவருக்கு. இரண்டாவதைப் பார்த்தும் சும்மா வாங்கிக்கொண்டு வந்தால் அதுவும் அவருக்கு உதவி இல்லை. அடுத்த பையும் அப்படியே வரும். “கைவேலைதானே, பாவம்” என்று வாங்கி அலமாரியில் போடுகிறவரைவிட, “இந்த இடத்துல தையல் இளகுது, சரிபண்ணிக் கொடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் மறுபடி வந்து வாங்குகிறவர்தான் அவர்களுக்குத் தேவை.

இந்த விஷயத்தில் நம் அம்மாக்கள் பலே ஆள்கள். வயர் கூடை போடச் சொல்லும்போது சிவன் கண் முடிச்சா, நெல்லிக்காய் முடிச்சா, எத்தனை ரோல் வயர், கைப்பிடிக்கு உள்ளே டியூப் உண்டா என்று எல்லாவற்றையும் முதலிலேயே பேசிவிடுவார்கள். போட்டு முடித்தபிறகு, கூடையில் தேங்காய் வைத்துத் தூக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு. ஹேண்ட்பேக் என்றதும் அந்த அறிவெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை!

ஆகவே, வாங்கப் போகும்போது வீட்டுப் பையில் இருப்பதை எல்லாம் ஒரு துணிப்பையில் அள்ளிக்கொண்டு போங்கள். கடையில் புதுப் பைக்குள் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பாட்டில் நின்றபடி இருந்தால் ஜிப் மூடுகிறதா? தோளில் மாட்டினால் கை தடையின்றி நுழைகிறதா, சுடிதாரின் மேலும் புடவையின் மேலும்? கண்ணாடி வேலை இருக்கும் பக்கம் உடம்பை ஒட்டி வருகிறதா, வெளிப்பக்கமா? உடம்பை ஒட்டி வந்தால் ஷிஃபான் புடவை நூல் நூலாக இழுபடும். உள்ளே லைனிங் கன்னங்கரேலென்று இருந்தால் சாவியைத் தேடியே ஆயுள் போய்விடும். வெளிர் நிற லைனிங் அழுக்காகும், ஆனால் சாவி தெரியும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் மூன்று படம் கேட்டு வாங்கலாம். உள்பக்கம், கைப்பிடி சேரும் இடம், ஒரு கண்ணாடியின் குளோஸ்-அப். பகல் வெளிச்சத்தில் எடுத்த வீடியோ என்றால் இன்னும் நல்லது.

எல்லாக் கைவேலைக்கும் ஒரே சோதனை பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். நீலகிரி தோடர்களின் கறுப்பு-சிவப்பு எம்ப்ராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் பின்பக்கமும் முன்பக்கம்போலவே பார்க்கும்படி இருக்கும், ஆகவே அங்கே பின்பக்கத்தில் இன்னும் கறாராக இருக்கலாம். பத்தமடைக் கோரைப் பைகளில் மடிப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செட்டிநாட்டுக் கொட்டானில் ஓலை முனைகள் உள்ளே செருகியிருக்கின்றனவா என்று தடவிப் பார்க்க வேண்டும். காய்கறி வாங்க மட்டும்தான் பை என்றால் மஞ்சப்பையை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

பிடித்த பை, பிடித்த கலரில் இல்லையென்றால் ஆர்டர் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். கொடுப்பதாக இருந்தால் நீளம், அகலம், கைப்பிடி அளவு, உள் பாக்கெட் எல்லாவற்றையும் இன்ச் கணக்கில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. பாதி தைத்தபிறகு “பச்சைக்குப் பதிலா நீலம் போடலாமா?” என்று வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள், தைத்ததைப் பிரிப்பதும் ஒரு நாள் வேலை. தாண்டாவில் ஊசி பிடிக்கும் பெண்கள் பலருக்குக் காட்டு வேலையும் வீட்டு வேலையும் உண்டு. விதைப்பு, அறுவடை சமயத்தில் பை தாமதமாகலாம். கல்யாணத்துக்குப் பரிசு கொடுக்க என்றால் முகூர்த்தத்துக்கு மாதங்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒன்று. “கண்ணாடி விழுந்தா மறுபடி வச்சுத் தருவீங்களா?” என்று கேட்டுவிடுங்கள். கோந்து போட்டு ஒட்டியது விழுந்தால் பொட்டு விழுந்த மாதிரி. நூலில் கட்டியதை, அதே கலர் நூல் கொஞ்சம் இருந்தால், வீட்டில் நாமே கட்டிவிடலாம். பையோடு அரை கஜம் நூலையும் கேட்டு வாங்கி உள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.